சத்தம் போடாத லென்ஸ்

மாமியாரோடு ஒரே அறையில் பூட்டப்படுவது எந்த மருமகனும் ஆசைப்பட்டுக் கேட்கும் வரம் இல்லை. ஜெயிலுக்கு ‘மாமியார் வீடு’ என்று பெயர் வைத்தவன் இந்த அறையைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. ஜன்னல் கிடையாது. தரையிலிருந்து கூரைவரை அலமாரி, அலமாரி முழுக்க லென்ஸ். கனத்த இரும்புக் கதவு, ஓரமெல்லாம் ரப்பர் பட்டை, உள்பக்கம் ஒரு கைப்பிடிகூட இல்லை. தட்டித் தட்டிக் கை சிவந்ததுதான் மிச்சம்.

"அத்தை, கதவு திறக்கல."

"தெரியுது மாப்பிள்ளை."

"போன்ல சிக்னல் ஒரு கோடுகூட இல்ல."

"அதுவும் தெரியுது."

"உங்களுக்குத் தெரியாததா ஒண்ணு சொல்றேன். எனக்குப் பயமா இருக்கு."

"அது கல்யாணத்தன்னிக்கே தெரியும்," என்றார் அத்தை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

அத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குச் சொல்பவர்களைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டு முன்னறையில் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு அப்போது வேலை போயிருந்தது. ‘வேற வேலை கிடைக்கிற வரைக்கும் எங்கம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசையா இருங்களேன்’ என்றாள் மனைவி. அந்த வேற வேலை இன்னும் வழியிலேயே இருக்கிறது.

இன்றைய வழக்கு ஒரு கட்டட மேஸ்திரியின் தலைவிதி. பாதி கட்டிய கட்டடத்தில் கான்கிரீட் தளம் காய்வதற்குள் அடியில் நின்ற முட்டுக் கம்பங்களை எடுத்துவிட்டார்கள். தளம் இறங்கிவிட்டது. இரண்டு தொழிலாளிகள் இன்னும் ஆஸ்பத்திரியில். கம்பத்தை எடுக்கச் சொன்னது மேஸ்திரிதான் என்று சைட் இன்ஜினியர் கையைக் காட்டிவிட, போலீஸ் மேஸ்திரியைத் தூக்கிப்போய் உள்ளே வைத்துவிட்டது. கூட வேலை செய்த எவரும் வாய் திறக்கவில்லை. நாளைக்கும் அவர்களுக்கு வேலை வேண்டுமே.

ஆனால் அன்று அங்கே ஒரு கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கட்டடக் கம்பெனிக்கு விளம்பரப் படம் எடுக்க வந்த கேமராமேன், இன்ஜினியரை முன்னால் நிறுத்திப் பேசவைத்துப் படம் பிடித்திருக்கிறார். பாதிப் பேச்சில் ஃபோகஸ் இன்ஜினியரை விட்டுவிட்டு வேறெங்கோ ஓடிவிட்டதாம். மோட்டார் கோளாறு என்று எரிச்சல்பட்டு, கோளாறு தெரியட்டும் என்று மெமரி கார்டையும் உள்ளேயே விட்டு, கேமராவை வாடகைக்கு எடுத்த கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். தளம் விழுந்தது அதற்குப் பிறகு. அவர் காதில் ஹெட்போனும் கண்ணில் சின்னத் திரையுமாக இருந்ததால், யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்பது அவருக்கே தெரியாது. நகம் அளவு இருக்கும் அந்தக் கார்டுக்குத்தான் தெரியும். அந்தக் கார்டோ கடைக்கு வரவே இல்லை என்கிறது கடை.

இன்று மாலை கோர்ட் கலைவதற்குள் கார்டு கிடைத்தால் மேஸ்திரிக்கு ஜாமீன். இல்லையென்றால் பெரிய ஜெயில். மேஸ்திரியின் மனைவி கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு துணிப்பை, பைக்குள் புருஷனுக்குத் தேய்த்துக் கொண்டுவந்த நீலச் சட்டை. வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொள்ள.

அவளை அங்கே உட்காரவைத்துவிட்டுத்தான் இருவரும் உள்ளே வந்தார்கள். வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கொலுப்பொம்மை போலச் சிரித்துக்கொண்டு ஓர் ஆள் அந்தக் கதைக்குள் நின்றிருந்தார்.

கடை முதலாளி ஒரு சிடுமூஞ்சி. "தேடிக்கோங்க மேடம். ஆனா எதையும் கீழ போட்டுடாதீங்க," என்று லென்ஸ் அறைக்குக் கூட்டிவந்தவர், சுவரில் பச்சை எண்கள் மின்னும் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். "லென்ஸுக்கு ஈரம் ஆகாது, பூஞ்சை பிடிச்சிடும். இங்க ஈரம் ஏறினா என் மேஜைல மணி அடிக்கும். கையில சோறு இருந்தாலும் போட்டுட்டு ஓடி வருவேன். அதனால கொஞ்சமா மூச்சு விடுங்க."

"விடாமலே இருந்துடறோம் சார்," என்றான் மாப்பிள்ளை.

முதலாளிக்குப் பின்னால் சிரித்த முகமாக வந்தவர் கடையின் மெக்கானிக். அவர் தொட்டால் செத்த லென்ஸும் பிழைக்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘கைராசி’. தாமாகவே டீ கொண்டுவந்து கொடுத்தார். கேட்காமலே பாடமும் எடுத்தார்.

"கேமரா எப்படி ஃபோகஸ் பிடிக்குதுன்னு நெனைக்கறீங்க? விரலை மூக்குக்கு நேரா நீட்டுங்க. ஒரு கண்ணை மூடுங்க. இப்ப அதைத் திறந்து இன்னொரு கண்ணை."

"விரல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தாவுது."

"அதேதான். லென்ஸோட இந்த ஓரமா வர்ற வெளிச்சம் ஒரு கண்ணு, அந்த ஓரமா வர்றது இன்னொரு கண்ணு. ரெண்டு படமும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துட்டா ஃபோகஸ் சரி. விலகி இருந்தா, எந்தப் பக்கம் எவ்வளவு நகரணும்னு கேமராவுக்கு உடனே தெரிஞ்சிடும். மோட்டாருக்குச் சொல்லும். மோட்டார் உள்ள இருக்கற கண்ணாடியை நகர்த்தும். பழைய சின்ன கேமராவெல்லாம் பாவம், முன்ன போய், தாண்டிப் போய், திரும்பி வந்து, தடவித் தடவித்தான் கண்டுபிடிக்கும்."

"கண்ணாடி போடாம எங்கத்தை பஸ் நம்பர் படிக்கற மாதிரி."

அத்தை ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளை கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழ் வரிசையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்தான். எடுத்த வேகத்தில் உள்ளே ‘டக்’கென்று எதுவோ இடித்தது. ஆட்டிப் பார்த்தான். டக், டக்.

"அத்தை, உள்ள ஏதோ கிடக்கு. கேஸ் முடிஞ்சுது. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

கைராசி வயிறு குலுங்கச் சிரித்தார். "எல்லாரும் இப்படித்தான் சார் ஏமாறுவாங்க. மேல் வரிசைல இருக்கறது பல்சக்கரம் வெச்ச மோட்டார், கிர்ருனு கத்தும். கீழ் வரிசைல சக்கரமும் இல்ல, திருகும் இல்ல. காந்தமும் கம்பிச் சுருளும்தான். கண்ணாடி ரெண்டு தண்டு மேல சும்மா வழுக்கிட்டு நிக்கும். கரண்ட் இருந்தா காந்தம் பிடிச்சுக்கும். கரண்ட் இல்லேன்னா பிடிக்க ஆள் இல்ல, முன்னயும் பின்னயும் ஓடி இடிக்கும்." லென்ஸை வாங்கி ஒரு கேமராவில் மாட்டி, சுவிட்சைத் தட்டி, ஆட்டிக் காட்டினார். சத்தம் போன இடம் தெரியவில்லை. "ஒடைஞ்சு போச்சுன்னு சண்டைக்கு வந்துடுவாங்க. அதனால இந்த வரிசைக்கு மட்டும் என் கையால ஸ்டிக்கர் எழுதி ஒட்டி வெச்சிருக்கேன்."

மஞ்சள் ஸ்டிக்கரில் முத்து முத்தாக எழுதியிருந்தது: ‘ஆட்டினால் சத்தம் வரும். பழுதில்லை.’

"அந்த கேமராமேன் என்ன குறை சொன்னாரு?" என்று அத்தை கேட்டார்.

"ஃபோகஸ் ஆளை விட்டுட்டுப் பின்னாடி ஓடுதுன்னாரு. அவ்வளவுதான்," என்றார் முதலாளி.

"மோட்டார் மேல தப்பே இல்ல மேடம்," என்றார் கைராசி. தொழில் என்று வந்துவிட்டால் அவருக்கு வாய் நிற்காது. "அது முகத்தைப் பிடிக்கற கேமரா. முகம் தெரியற வரைக்கும் விடாது. அந்த சார் பேசிட்டே இருக்கும்போது முதுகைக் காட்டித் திரும்பிட்டாரு. அது வேற என்ன பண்ணும், அடுத்த முகத்தைத் தேடிப் போயிடுச்சு. கேமரா செஞ்சது சரி."

"ஓ," என்றார் அத்தை. அந்த ‘ஓ’ கொஞ்சம் நீளமாக இருந்தது. மாப்பிள்ளை கவனிக்கவில்லை. கைராசி கவனித்துவிட்டார் போலிருக்கிறது.

வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்று முதலாளி போய்விட்டார். "கதவு திறந்திருந்தா ஈரக்காத்து ஏறிடும், சாத்திக்கறேன். முடிஞ்சதும் தட்டுங்க," என்று கைராசியும் சிரித்துக்கொண்டே போனார்.

தட்டினார்கள். தட்டிக்கொண்டே இருந்தார்கள். அதைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

"அந்தச் சிடுமூஞ்சி முதலாளிதான் அத்தை. பார்த்தீங்களா, மூச்சு விடாதேன்னாரே. இப்ப நிஜமாவே விட முடியாமப் பண்ணிட்டாரு."

அத்தை பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில் விளக்கு அணைந்தது.

கன்னங்கரேலென்ற இருட்டில் சுவர்ப் பெட்டியின் பச்சை எண்கள் மட்டும் தெரிந்தன. மாப்பிள்ளை போனில் டார்ச்சைப் போட்டான். சார்ஜ் கடைசி மூச்சில் இருப்பதாகப் போன் சிணுங்கியது. "அணைச்சு வைங்க, தேவைப்படும்," என்றார் அத்தை. அணைத்தான். அலமாரிகள் எல்லாம் இரண்டடி நெருங்கி வந்துவிட்டது போல் இருந்தது. வெளியே பெஞ்சில் ஒருத்தி சட்டையோடு காத்திருக்கிறாள், வக்கீல் கோர்ட் வாசலில் வழி பார்த்துக்கொண்டிருக்கிறார், நாமோ இங்கே பெட்டிக்குள் போட்டு மூடிய மாதிரி நிற்கிறோம் என்று நினைத்து, கதவை மறுபடி இரண்டு தடவை தட்டினான்.

"அத்தை, எனக்கு மூச்சு முட்டுது."

"முட்டாது. ரெண்டு பேருக்கு ராத்திரி வரைக்கும் காத்து இருக்கு. உக்காருங்க." இருட்டில் அத்தையின் கை வந்து அவன் தோளைத் தொட்டு அழுத்தி உட்காரவைத்தது. கல்யாணத்தில் ஆசீர்வாதம் பண்ணியதற்குப் பிறகு அந்தக் கை அவனைத் தொடுவது இதுதான் முதல் தடவை. "சொல்லுங்க மாப்பிள்ளை. கடைக்குக் கார்டு வரல. அப்படித்தானே?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"கேமராமேன் சொன்ன குறை என்ன?"

"ஃபோகஸ் பின்னாடி ஓடுது."

"அவ்வளவுதானே? அப்போ அந்த இன்ஜினியர் முதுகைக் காட்டித் திரும்பினது கைராசிக்கு எப்படித் தெரியும்?"

மாப்பிள்ளை இருட்டில் அவர் குரல் வந்த பக்கம் திரும்பினான்.

"படத்தைப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். பழுது பார்க்கறவர், கோளாறு என்னன்னு ஓட்டிப் பார்த்திருக்காரு. மோட்டார் மேல பழி விழுந்துச்சுன்னா அவரால பொறுத்துக்க முடியல. வாய் முந்திக்கிச்சு," என்றார் அத்தை.

"எனக்கு டீ குடுத்தாரே அத்தை."

"எனக்கும்தான் குடுத்தாரு. நல்ல டீ."

"அப்போ கார்டை அன்னிக்கே உடைச்சுப் போட்டிருப்பாரு. நாம இங்க உக்காந்து என்ன பண்ண?"

"உடைச்சிருந்தா நம்மளைப் பூட்ட வேண்டிய அவசியம் என்ன? தேடட்டும்னு விட்டிருப்பாரே. இந்த ரூம்லதான் இருக்கு. அதனாலதான் லைட்டையும் அணைச்சிருக்காரு. பார்க்க முடியாட்டி தேட முடியாதுன்னு நெனைச்சிருக்காரு." அத்தை எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. "கண்ணு தேவைப்படாத தேடல் ஒண்ணு இருக்கு. கீழ் வரிசைக்கு வாங்க. ஒவ்வொண்ணா எடுத்து ஆட்டுங்க."

"ஆட்டினா சத்தம் வரும் அத்தை. பழுதில்லை. அவரே எழுதி வெச்சிருக்காரு."

"வராததைத்தான் தேடறோம்."

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. பிடிக்க ஆளில்லாமல் உள்ளே ஓடவேண்டிய கண்ணாடி ஓடவில்லை என்றால், அதை எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தரையில் மண்டியிட்டுத் தடவித் தடவி எடுத்தார்கள். டக். வை. டக். வை. ஒன்று கை வழுக்கப் பார்த்தது, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். டக். டக். இருட்டில் காது நாய்க் காதாக விறைத்துக்கொண்டது.

வரிசையின் கடைசிக்கு முந்தியதை ஆட்டினான். சத்தம் இல்லை. மறுபடி ஆட்டினான். பாறாங்கல் மாதிரி கம்மென்று இருந்தது.

போனை ஒரு நொடி ஒளிரவிட்டான். மஞ்சள் ஸ்டிக்கர், முத்து முத்தான கையெழுத்து. ‘ஆட்டினால் சத்தம் வரும்.’ அதோடு போன் உயிரை விட்டது.

"அத்தை," என்றான். "கிடைச்சுது. கிடைச்சு என்ன பிரயோஜனம். கதவு திறக்கணுமே."

அத்தை அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பச்சை எண்களுக்கு முன்னால் நிறுத்தினார்.

"பேசுங்க."

"என்னது?"

"இந்தப் பெட்டிக்கு முன்னாடி வாயை வெச்சுப் பேசுங்க. நிறுத்தாம பேசுங்க. மூச்சுக்காத்துல ஈரம் இருக்கு. இது ஏறினா முதலாளி மேஜைல மணி அடிக்கும். கல்யாணமானதுலேருந்து உங்களை ‘கொஞ்சம் வாயை மூடுங்க மாப்பிள்ளை’ன்னு சொல்லிட்டே இருக்கேன். இன்னிக்குக் கேட்டுக்கறேன், பேசுங்க."

பேசினான். முதலில் ஒன்றும் வரவில்லை, ‘ஹா ஹா’ என்று ஊதினான். பிறகு மடை திறந்துவிட்டது. மனைவி சமையலில் உப்புப் போட மறப்பதைச் சொன்னான். அதை மறக்காமல் நினைவுபடுத்தும் அத்தையைச் சொன்னான். வேலை போன அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை குத்திக் காட்டாததுதான் இன்னும் வலிக்கிறது என்றான். அத்தை கூப்பிட்டபோது சம்பளம் கேட்கக்கூட வாய் வரவில்லை, இந்த வாய்க்கா அந்த நிலைமை என்றான். பச்சை எண் ஏறியது. நின்றது. அத்தையும் பக்கத்தில் வந்து ஊத, மறுபடி ஏறியது. "இன்னும் பேசுங்க," என்றார் அத்தை, வழக்கத்தைவிடத் தணிந்த குரலில். "எல்லாத்தையும் பேசுங்க."

எங்கோ தூரத்தில், ரப்பர் பட்டைக்கு அந்தப் பக்கம், மணி அடிக்க ஆரம்பித்தது.

விளக்கு வந்தது. கதவு திறந்தது. கையில் பாதி சாப்பிட்ட ரொட்டியோடு முதலாளி நின்றார். "யாரு கதவைத் தாழ் போட்டது? ஈரம் என்ன இப்படி ஏறிக் கிடக்கு?" அவருக்குப் பின்னால் கைராசி. சிரிப்பு மட்டும் முகத்தில் இல்லை. மணிச் சத்தம் கேட்டு மேஸ்திரியின் மனைவியும் பையை அணைத்துக்கொண்டு எழுந்து வந்திருந்தாள்.

அத்தை லென்ஸை நீட்டினார். முதலாளியிடம் இல்லை, கைராசியிடம்.

"இது சத்தம் போடல. கொஞ்சம் என்னன்னு பாருங்க."

கைராசி வாங்கவில்லை. முதலாளி லென்ஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கைராசி, என்னய்யா இது?"

"அந்த இன்ஜினியர் என் தங்கச்சி புருஷன் சார்," என்றார் கைராசி. குரல் உடைந்திருந்தது. "போன வாரம் அவளை அடிச்சு வெளிய தள்ளிட்டான். நடு ரோட்டுல நின்னா. மறுநாள் இந்தப் படத்தைப் பார்த்தேன். இந்தப் படம் என்கிட்ட இருக்குன்னு அவன்கிட்ட சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலமே வந்து அவளை மரியாதையா கூட்டிட்டுப் போயிட்டான். இது என் கையில இருக்கற வரைக்கும்தான் அவளுக்கு வீடு. வீட்டுல வெச்சா அவன் வந்து தேடுவான். இங்கதான் எவன் கண்ணும் படாது. உள்ள ஆடக் கூடாதேன்னு பஞ்சு வெச்சு அடைச்சேன்."

"பஞ்சு கார்டோட கண்ணாடியையும் சேர்த்து அமுக்கிடுச்சு," என்றார் அத்தை.

"எனக்குத் தெரியும் மேடம். ஸ்டிக்கரைப் பிய்க்கலாம்னு நெனைச்சேன். ‘பழுதில்லை’ன்னு எழுதினதைப் பிய்க்க மனசு வரல. நல்ல லென்ஸ் அது."

மேஸ்திரியின் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்ததுலேருந்து ரெண்டு தடவை தண்ணி கொண்டு வந்து குடுத்தீங்களே அண்ணே," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

கைராசியின் தலை குனிந்தது. லென்ஸை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினார். வெள்ளைப் பஞ்சு வெளியே வந்தது. பஞ்சுக்குள் கார்டு. அதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தார். ஒரு நெளி நெளித்தால் போதும், மேஸ்திரியின் கதை முடிந்துவிடும். மாப்பிள்ளை பாயப் போனான். அத்தை குறுக்கே கையை நீட்டித் தடுத்தார்.

"உடைக்கறதுன்னா உடைங்க," என்றார் அத்தை. "அதுக்கு முன்னாடி உங்க தங்கச்சிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க. அவங்களுக்காகத்தானே. எங்களுக்கும் கேக்கற மாதிரி போடுங்க."

கைராசி தயங்கினார். போட்டார். வெகுநேரம் அடித்த பிறகு ஒரு பெண்குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

"அண்ணா."

"ஏம்மா மெதுவா பேசற?"

"அவர் பக்கத்து ரூம்ல இருக்காரு. சீக்கிரம் சொல்லு."

கைராசி சொன்னார். கார்டு, மேஸ்திரி, கோர்ட் எல்லாம் சொன்னார்.

"அதனாலதான் கூட்டிட்டு வந்தாரா," என்றாள் தங்கை. "என்னடா திடீர்னு பாசம்னு பார்த்தேன். அண்ணா, வந்த நாள்லேருந்து வாசலைத் தாண்ட விடல. வெளிய போகும்போது பூட்டிட்டுப் போறாரு. ‘உங்கண்ணன் கைல ஒண்ணு இருக்கு, அதனால நீ என் கைல இருக்கணும்’னாரு. எனக்கு அப்போ புரியல. நீ அவரைப் பிடிச்சு வெச்சிருக்கேன்னு நெனைச்சிட்டு இருக்க. இங்க மாட்டிக்கிட்டு இருக்கறது நான்."

"நான் உனக்காகத்தாம்மா..."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? குடுத்துடு. குடுத்துட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போ."

போன் வைக்கப்பட்டது. கைராசி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கார்டை நீட்டினார், அத்தையிடம் இல்லை, நீலச் சட்டைப் பையோடு நின்ற மேஸ்திரியின் மனைவியிடம்.

"முதலாளி, வண்டியை எடுங்க. இவரோட நீங்களும் போங்க, தனியா அனுப்பாதீங்க. போற வழியில மகளிர் ஸ்டேஷன்ல சொல்லி ஒருத்தரைக் கூட்டிக்கோங்க," என்றார் அத்தை. சிடுமூஞ்சி முதலாளி மறுபேச்சுப் பேசாமல் ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். மாப்பிள்ளைக்கு அவரை முதல் தடவையாகப் பிடித்துப் போனது.

கிளம்புவதற்கு முன் கார்டை ஒரு கேமராவில் போட்டுப் பார்த்தார்கள். சின்னத் திரையில் இன்ஜினியர் பளிச்சென்று நின்று கம்பெனிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். பாதியில் ‘ஏய்’ என்று கத்தியபடி முதுகைக் காட்டித் திரும்பினார். "இன்னும் என்ன பார்த்துட்டு இருக்கீங்க, கம்பத்தையெல்லாம் எடுங்கடா, ஷூட்டிங்ல அசிங்கமா தெரியுது." அந்தக் கணத்தில் அவர் மங்கினார். ஃபோகஸ் அவரைக் கைவிட்டுப் பின்னால் போயிற்று. தூரத்தில் தளத்துக்கு அடியில் நின்ற ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "வேணாம் சார், இன்னும் காயல சார்," என்று கத்திக்கொண்டிருந்தார் மேஸ்திரி. அவர் நெற்றி வியர்வைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

அவர் மனைவி திரையை விரலால் தொட்டாள். துடைப்பது போல ஒரு தடவை தடவினாள்.

கோர்ட் கலைவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். மாஜிஸ்திரேட் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை ஓட்டச் சொல்லாமல் ஜாமீன் எழுதினார். இன்ஜினியரைக் கூட்டிவரச் சொல்லி உத்தரவும் கூடவே போயிற்று. கைராசியிடமிருந்து அத்தைக்கு ஒரு போன் வந்தது. தங்கை வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், வாங்க வேண்டிய திட்டையெல்லாம் அவளிடம் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

வராந்தாவில் மேஸ்திரி நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். பொத்தான் ஒன்று தப்பாகப் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் இரண்டு பேரைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். அப்புறம் வக்கீல் போனில் ஏற்றி வைத்திருந்த படத்தை மனைவி போட்டுக் காட்ட, பார்த்தார்.

"அந்த கேமராக்காரர் அன்னிக்கு என்னைத் திட்டினாரும்மா," என்றார். "‘மேஸ்திரி, பின்னாடி நிக்காத, தள்ளிப் போ, படத்துல விழற’ன்னு. பசங்க அடியில நின்னாங்க. நான் தள்ளல."

மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அத்தை எட்டிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, ஈரம் ஏறுதா?"

"மணி அடிக்கலையே அத்தை," என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.